தட்டியும் விடாத கை

சில்மார், கலிஃபோர்னியா
11 பிப்ரவரி 1990

அன்புள்ள வெர்ன் அண்ணாவுக்கு,

இங்கே நான் சுகம். முட்டி வலி மட்டும் மழைக்கு முதல் நாள் வந்து தகவல் சொல்லிவிட்டுப் போகிறது. வான்கூவரில் மழை விடுவதே இல்லையாமே, உன் இடுப்பு எப்படி இருக்கிறது? உன் மாப்பிள்ளை டெல் எப்படி இருக்கிறார்? ஞாயிறுதோறும் போனில் "நல்லா இருக்கேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பெயருவதில்லை. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

ஆறு பேய்ப் படங்களில் முகமூடி போட்டு மணிக்கூண்டானாக வந்து ஒரு ஊரையே தீர்த்துக்கட்டிய அண்ணன், நான்கு படங்களில் உப்பு மனிதனாக வந்து மிச்சமிருந்தவர்களை முடித்த கணவர், இரண்டு பேரும் ஒரே படத்தில் மோதிக்கொள்ளப் போய்விட்டீர்கள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. பேக்கரியில் எனக்கு நிம்மதி இல்லை. பன் வாங்க வந்த ஒருவர், "நீ அண்ணன் கட்சியா, புருஷன் கட்சியா? அத மொதல்ல சொல்லு" என்று வரிசையை நிறுத்திவிட்டார். "யாரு செத்தாலும் ரத்தக்கறைய துவைக்கிறது நான்தான்" என்றேன். கடையே சிரித்தது.

ஒன்று சொல்கிறேன், டெல்லிடம் காட்டிக்கொள்ளாதே. தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு சண்டை இருக்கிறது என்றார். சின்ன வயதில் ஏரியில் மூழ்கி, தூக்கி எடுக்கப்பட்டவர் அவர். இன்றுவரை குளியல் தொட்டியில்கூடத் தலையை நனைக்கும்போது விளிம்பைப் பிடித்துக்கொள்வார். தொழிலில் யாருக்கும் இது தெரியாது. கூரை ஓடு மாற்றிக்கொண்டிருந்தவரைக் கூட்டிப்போய் ஸ்டண்ட் வேலையில் சேர்த்தவன் நீ. எதிரில் நிற்கப்போவதும் நீதான் என்பதால் தைரியமாக இருக்கிறேன்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு.

உன் தங்கை
ட்வைலா


பர்னபி, வான்கூவர் அருகே, கனடா
24 பிப்ரவரி 1990

அன்புள்ள ட்வைலாவுக்கு,

இடுப்பு பரவாயில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன். மாப்பிள்ளையும் சுகம். காலையில் நான்கு முட்டை சாப்பிடுகிறார் என்றால் பார்த்துக்கொள். உன் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

இங்கே செட்டே இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. லைட் ஆட்கள் உப்பு மனிதன் படம் போட்ட தொப்பி, கேமரா ஆட்கள் மணிக்கூண்டான் தொப்பி. காப்பி ஊற்றுகிற அம்மாள்கூட எனக்கு ஊற்றும்போது கப்பை முக்கால்தான் நிரப்புகிறாள், அவள் அந்தக் கட்சி. யார் ஜெயிப்பது என்று கம்பெனி முடிவு செய்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளிடம் அட்டை கொடுத்து யார் ஜெயிக்க வேண்டும் என்று எழுதச் சொன்னார்களாம். உப்பு மனிதன்தான் ஜெயிக்கிறான். என் செப்பு முகமூடித் தலை கடலுக்குள் போகிறது. டிரைவர் ஒருவன் எல்லோர் முன்னாலும், "என்ன வெர்ன், தங்கச்சி புருஷன்கிட்ட ஒத வாங்கப் போறியாமே" என்றான். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். பதினோரு வருடம் அந்த முகமூடிக்குள் வெந்தவன் நான். மாப்பிள்ளைக்கு உப்பு மனிதனின் நடையைச் சொல்லிக்கொடுத்ததும் நான். சரி விடு, அவர் என்ன செய்வார்.

படத்தில் என் கை ஓங்கும் இடம் அந்தத் தொட்டிச் சண்டை ஒன்றுதான். மார்ச் ஒன்பதாம் தேதி எடுக்கிறார்கள். பத்து எண்ணும் வரை அவரை நீருக்குள் அழுத்திப் பிடிக்கிறேன். நீ பயப்பட ஒன்றுமில்லை. முகமூடிக்குள் எங்களுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. அதனால் எங்கள் ஆட்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. பிடிபட்டவன் பிடித்தவனின் கையில் மூன்று முறை தட்டினால், கேமரா ஓடினாலும் சரி, டைரக்டர் கத்தினாலும் சரி, அந்த நொடியே விட்டுவிட வேண்டும். தட்டியும் விடாதவனோடு அதற்குப் பிறகு யாரும் சண்டைக்கு இறங்கமாட்டார்கள். இது எங்களுக்குச் சத்தியம் மாதிரி.

கவலைப்படாமல் இரு.

உன் அண்ணன்
வெர்ன்


பர்னபி
12 மார்ச் 1990

ட்வைலா,

போனில் பாதிதான் சொன்னேன். நீ அழுததில் மீதி வரவில்லை. மாப்பிள்ளை கண் விழித்துவிட்டார், சூப் குடிக்கிறார். அதை முதலில் மனதில் வாங்கிக்கொள்.

பத்து எண்ணி முடிக்கும் நேரத்தில் அவர் துள்ளினார். பின்கழுத்து தொட்டியின் இரும்பு விளிம்பில் மோதியது. அப்போதுதான் எனக்கு ஏதோ தப்பு என்று தெரிந்தது. தூக்கி வெளியே போட்டு மூச்சு வரவைத்தேன். வலது கையில் உணர்ச்சி குறைவாக இருக்கிறது, நரம்பு வீக்கம் இறங்கினால் சரியாகலாம் என்கிறார் டாக்டர்.

எங்கள் ஸ்டண்ட் மாஸ்டர் ஓடிஸ் பெல் எல்லோரையும் உட்கார வைத்து விசாரித்தார். என் கையில் தடித்த தோல் உறை இருந்தது, அவர் தட்டியதாக எதுவும் உணரவில்லை என்று சொன்னேன். உனக்கும் அதையே சொல்கிறேன்.

நீ விமானத்தில் வர வேண்டாம். கம்பெனியே அவரைக் கொண்டுவந்து விடும். வேளைக்குச் சாப்பிடு.

வெர்ன்


சில்மார்
29 மார்ச் 1990

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம் என்று எழுத இப்போதுதான் தெம்பு வந்தது. நீ எப்படி இருக்கிறாய்? உன் குரல் போனில் யாரோ மாதிரி இருந்தது. சாப்பிடுகிறாயா?

டெல் வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. கழுத்தில் பட்டை. வலது கை மடியில் அப்படியே கிடக்கிறது. முதல் வாரம் நான் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பொறுக்கமுடியாமல் கேட்டேன். "தட்ட மறந்துட்டேன், ட்வைலா. பயத்துல எல்லாம் மறந்துபோச்சு" என்றார். ஓடிஸிடமும் அப்படியே எழுதிக் கொடுத்தாராம். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "ஒரு கைய தூக்கி மூணு தட்டு தட்ட உங்களுக்கு முடியலையா? எங்கண்ணன் கையால செத்திருந்தா அவன் வாழ்க்க என்னாகிறது? அத நெனச்சீங்களா?" என்று பொரிந்து தள்ளிவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார்.

நீதான் அவரை வெளியே இழுத்துப் போட்டு மூச்சு ஊதினாய் என்று ஓடிஸ் சொன்னார். அந்தக் கைகளுக்கு நான் என்ன செய்து கடன் தீர்க்கப்போகிறேன் என்று தெரியவில்லை. உன் மேல் பழி வந்துவிட்டதே என்று நீ மனதுக்குள் வைத்து மறுகாதே. தப்பு அவருடையது. அவரே சொல்லிவிட்டார்.

நன்றியோடு உன் தங்கை
ட்வைலா


சில்மார்
15 ஏப்ரல் 1990

மச்சானுக்கு,

சுகம்தானே? இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ட்வைலா வேலைக்குப் போயிருக்கிறாள். கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

நான் தட்டினேன். உங்களுக்கும் தெரியும். மூன்றாவது தட்டில் உங்கள் பிடி இறுகியது.

ஏன் என்று நான் கேட்கப்போவதில்லை. ஓடிஸிடம் மறந்துவிட்டேன் என்று சொன்னதற்குக் காரணம் சொல்கிறேன். என் கை இனி வேலைக்கு ஆகாது, அது எனக்கு ஆஸ்பத்திரியிலேயே தெரிந்துவிட்டது. ஒருவன் ஏற்கெனவே தொழிலை விட்டு வெளியே போய்விட்டான். உண்மையைச் சொன்னால் இரண்டாவது ஆளும் போவான். ட்வைலாவுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது நீங்கள் ஒருவர்தான். அவளுக்கு அண்ணன் இல்லாமல் போவதை நான் பார்க்க வேண்டாம்.

அவளிடம் நீங்களாகச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். என் வாயிலிருந்து வராது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெல்பர்ட்


வில்மிங்டன், வட கரோலினா
10 ஜூன் 1990

அன்புள்ள ட்வைலாவுக்கு,

நலம்தானே? உன் மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து இந்த ஒன்று. கோபித்துக்கொள்ளாதே. இங்கே வேறு படம், வேறு முகமூடி. வெயில் தாங்கவில்லை. இடுப்பு சொன்னபடி கேட்கிறது. உன் முட்டி எப்படி?

மாப்பிள்ளைக்கு ஒரு பெட்டி பீச் பழம் அனுப்பியிருக்கிறேன். அடிபடாமல் வந்து சேர்ந்ததா? கைக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிடுகிற ஆள் ஒருவர் பசடேனாவில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன், விலாசத்தை அடுத்த கடிதத்தில் அனுப்புகிறேன். இங்கே கடற்கரையில் பெலிக்கன் பறவைகள் நிறைய. ஒன்று தினமும் என் அறை வாசலில் வந்து நின்று முறைத்துவிட்டுப் போகிறது.

அவரைத் திட்டாதே. நீ எழுதியதைப் படித்தேன். தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. அவரைத் திட்டாதே, அவ்வளவுதான் சொல்வேன்.

எனக்கு நன்றி சொல்லி எழுதவேண்டாம். நமக்குள் அது எதற்கு.

அண்ணன்
வெர்ன்


சில்மார்
8 ஜூலை 1990

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கிறேன். நீ இளைத்துவிட்டாய் என்று அங்கிருந்து வந்தவர்கள் சொன்னார்கள், உண்மையா? பீச் பழத்தில் பாதி நசுங்கியிருந்தது. ஜாம் போட்டுவிட்டேன். டெல் ஒன்றுகூடத் தொடவில்லை. பழம் பிடிக்கவில்லை என்றார். முன்பெல்லாம் கொட்டையையும் சப்பிக்கொண்டு திரிவார்.

வலது கை மார்புக்கு மேலே எழும்பாது என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

நாலாம் தேதி, சுதந்திர தினத்தன்று, ஸ்டண்ட்காரர்கள் குடும்பத்தோடு பூங்காவில் கூடினார்கள், வருடாவருடம் போகிறதுதானே என்று நானும் அவரைக் கூட்டிப்போனேன். போயிருக்க வேண்டாம். அவருக்கு அங்கே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், "தட்டாத டெல்". சாப்பாட்டு மேசைக்கு அவர் வந்ததும் இளவட்டம் ஒருவன் மேசையில் மூன்று முறை தட்டினான். "இப்பிடித்தான் டெல், ரொம்பச் சுலபம்" என்றான். மேசை முழுக்கச் சிரிப்பு. ஓடிஸும் சிரித்தார். அண்ணா, நானும் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது உம்மென்று இருந்தால் நன்றாயிருக்காதே என்று சிரித்துவிட்டேன். டெல் தட்டை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய் இடது கையால் சாப்பிட்டார்.

காரில் வரும்போதும் நான் விடவில்லை. "அவங்க கேட்டதுல என்ன தப்பு? மறந்தது நீங்கதான?" என்றேன். ஆமாம் என்று தலையாட்டினார்.

அந்தப் பசடேனா விலாசத்தை அனுப்பு.

உன் தங்கை
ட்வைலா


வில்மிங்டன்
2 செப்டம்பர் 1990

ட்வைலா,

நீ சுகமா என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உட்கார்ந்து படி.

போன வாரம் மணிக்கூண்டானின் மூச்சுச் சத்தத்தைப் பதிவு செய்ய என்னை ஒலிப்பதிவு அறைக்குக் கூப்பிட்டார்கள். படத்தை ஓடவிட்டு அதற்கேற்ப நான் மூச்சு விட வேண்டும். தொட்டிக் காட்சி வந்தது. தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக இன்னொரு கேமரா எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. விசாரணையின்போது அதை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. டெல்லே மறந்துவிட்டேன் என்று சொன்ன பிறகு யார் பார்க்கப்போகிறார்கள்? படத்தொகுப்பாளர் அந்த டேக்கைத்தான் வைத்திருக்கிறார். கழுத்து மோதுவதற்கு முன்னால் வெட்டிவிட்டார். ஆனால் திரையின் மூலையில், இமைக்கும் நேரம், டெல்லின் கை தெரிகிறது.

அவர் தட்டினார். நான் ஆறு எண்ணியபோது, என் முழங்கைக்குக் கீழே, மூன்று தட்டு. தோல் உறை எதையும் தடுக்கவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் விடவில்லை.

அவர் மேல் கோபம் இல்லை. அவருக்கு வலிக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. இன்னும் நாலு எண்ணிக்கைதானே, டேக் நன்றாக வருகிறதே, எனக்கென்று இருப்பது இந்த ஓர் இடம், அதையும் இவர் பாதியில் நிறுத்துகிறாரே என்று நினைத்தேன். ஏழு, எட்டு, ஒன்பது என்று எண்ணினேன், ட்வைலா. எண்ணிக்கொண்டே பிடித்திருந்தேன். நீ முதல் கடிதத்தில் ஏரியைப் பற்றி எழுதியதும் எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் பிடித்திருந்தேன்.

டெல் ஏப்ரலிலேயே எனக்கு எழுதினார். கிழிக்கச் சொன்னார். கிழித்தேன். பதில் போடவில்லை. பூங்காவில் நடந்ததைப் பற்றிய உன் கடிதம் வந்த அன்று தாளை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். அன்றும் உனக்கு எழுதவில்லை.

தெரியாதவர்களுக்கு அது வெறும் திமிறலாகத்தான் தெரியும். நம் ஆட்கள் யாராவது கேட்டால் நடிப்பு என்று சொல்லிவிடலாம், டெல்லும் மறுக்கமாட்டார். ஆனால் நீ பார்த்தால் உனக்குத் தெரிந்துவிடும். அதனால் நானே சொல்லிவிட்டேன். இது நம் மூவருக்குள் இருக்கட்டும். இந்தத் தொழிலை விட்டால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது.

என்னை மன்னித்துவிடு.

வெர்ன்


வில்மிங்டன்
23 செப்டம்பர் 1990

ட்வைலா,

இரண்டாம் தேதி போட்ட கடிதம் கிடைத்ததா? போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திட்டியாவது நாலு வரி எழுது. உன் முட்டி எப்படி இருக்கிறது?

வெர்ன்


சில்மார்
8 அக்டோபர் 1990

வெர்ன் அண்ணாவுக்கு,

முட்டி நன்றாக இருக்கிறது.

உன் கடிதம் போன மாதம் பதினோராம் தேதியே வந்துவிட்டது. டெல்லிடம் கொடுத்தேன். படித்தார். "எழுதிட்டாரா" என்று மட்டும் சொன்னார். மடித்து என்னிடமே கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போனார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ தெரியாம செஞ்ச, விடு" என்றார். அந்த வார்த்தையை உனக்கு அனுப்பிவைக்க முடியுமா என்று பார்த்தேன். உனக்குப் பொருந்தவில்லை.

வெள்ளிக்கிழமை படம் பார்க்கப் போனோம். வேண்டாம் என்றேன், அவர்தான் டிக்கெட் வாங்கி வந்தார். அரங்கு நிறைந்து வழிந்தது, பாதிப் பேர் உன் செப்பு முகத்தைக் காகிதத்தில் செய்து மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தொட்டிக் காட்சி வந்ததும் எழுந்து நின்றுகொண்டார்கள். பின்வரிசையில் ஒருவன், "விடாத, விடாத, அமுக்கு" என்று கத்தினான். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். டெல்லின் கை மூலையில் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நான் எண்ணினேன். அவர் என் பக்கத்தில் சோளப்பொரிப் பொட்டலத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். அவரைச் சாகடிக்கச் சொல்லித்தான் அத்தனை பேரும் கத்தினார்கள், அவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கார் ஏறியதும், "நல்ல டேக்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னார்.

ஒன்று கேட்கிறேன். அந்தக் கண்ணாடிக் கேமரா இல்லாமல் இருந்திருந்தால் நீ எனக்கு எழுதியிருப்பாயா? பதில் எழுத வேண்டாம், எனக்குத் தெரியும்.

நீ அவருக்குச் செய்தது நாலு எண்ணிக்கை. நான் செய்தது ஆறு மாதம். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டின்போதும் குத்திக் காட்டினேன். உன் பக்கம் நின்று, உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு திட்டினேன். "அவரைத் திட்டாதே" என்று ஒரு வரி எழுதினாயே, ஏன் என்று இன்னொரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை. அந்த மேசையில் நான் சிரித்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதை என் வாயில் வைத்தவன் நீ.

மூவருக்குள் இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். ஊருக்கெல்லாம் அவர் தட்டாத டெல், நமக்குள் மட்டும் தட்டியவர். அது எனக்குச் சம்மதம் இல்லை. உன் கடிதத்தை இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன். ஓடிஸிடம் நானே கொடுத்திருக்கலாம். டெல் தடுத்தார். அதனால் உன்னிடமே விடுகிறேன். அடுத்த மாத நன்றி நாள் விருந்துக்கு உன்னைக் கூப்பிடச் சொல்கிறார் டெல். நான் கூப்பிடவில்லை.

ட்வைலா


வில்மிங்டன்
16 அக்டோபர் 1990

மதிப்பிற்குரிய ஓடிஸ் அவர்களுக்கு,

நீங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் சுகம்.

மார்ச் ஒன்பதாம் தேதி தொட்டிக் காட்சியில் டெல்பர்ட் ஹாஸ்கெட் என் கையில் மூன்று முறை தட்டினார். ஆறாவது எண்ணிக்கையில் தட்டினார். எனக்குத் தெரிந்தது. நான் பத்து வரை பிடித்திருந்தேன். உங்களிடம் உணரவில்லை என்று சொன்னது பொய். அவர் மறந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தது என்னைக் காப்பாற்ற. என் தங்கைக்கு நான் எழுதிய கடிதத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். "இது நம் மூவருக்குள் இருக்கட்டும்" என்று அதில் ஓரிடத்தில் அவளைக் கேட்டிருக்கிறேன், அதையும் மறைக்காமல் படியுங்கள்.

என்னோடு இனி யாரும் சண்டைக்கு இறங்கமாட்டார்கள் என்று தெரியும். நானாக இருந்தாலும் இறங்கமாட்டேன். இங்கே ஒப்புக்கொண்ட வேலையை நேற்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் நம் ஸ்டண்ட் ஆட்கள் எல்லோரும் கூடும்போது டெல்லையும் கூப்பிடுங்கள். அவர் முன்னால் இதைப் படியுங்கள். அன்று மேசையில் தட்டிய பையனும் அங்கே இருக்க வேண்டும். நானும் வந்து ஓரமாக நிற்கிறேன். யாரும் என்னோடு பேச வேண்டாம்.

உரக்கப் படியுங்கள், ஓடிஸ். பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
வெர்னன் ப்ரூயிட்